களியும் கலாசாரமும்

விவசாயம்தான் மனித நாகரிகத்துக்கு அஸ்திவாரம் என்று மேடையில் யாராவது பேசினால் நாம் எல்லோரும் கை தட்டுகிறோம். நானும் தட்டியிருக்கிறேன். திருக்குறளில் ‘உழவு’ அதிகாரத்தின் முதல் குறளைச் சொல்லி, காவிரியைப் பற்றி இரண்டு வார்த்தை சேர்த்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும். பிறகு இலை போடுவார்கள். இலையில் அரிசிச் சோறு. இந்தப் பேச்சில் எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது என்ற சந்தேகம் எனக்குப் போச்சம்பள்ளிச் சந்தையில்தான் வந்தது.

போச்சம்பள்ளி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தாலுகாவின் தலைமையிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் அதன் சந்தை பேர்போனது. என்னை அங்கே அழைத்துப் போன நண்பர் என் நாவல்களைப் படித்தவர், படித்ததை மறக்காதவர். “உங்கள் கதையில் வருகிற விவசாயி எப்போது பார்த்தாலும் வரப்பில் நின்று சூரியோதயம் பார்க்கிறானே, அவன் எப்போது வேலை செய்வான்?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

சந்தையில் ராகி விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவியிடம், “இது எத்தனை நாள் கெடாமல் இருக்கும், அம்மா?” என்று கேட்டேன்.

“நீங்க இருக்கிற வரைக்கும் இருக்கும், சாமி” என்றாள். “எங்க மாமியா குழியில கொட்டி மூடி வெப்பாங்க. மழ இல்லாத வருசம் எடுத்துக் களி கிண்டுவோம்.”

நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் நாவல் எதிலும் களி கிண்டுகிறவர்கள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கல்ச்சர் என்கிற சொல்லுக்கு மூலமான லத்தீன் வார்த்தைக்கு நிலத்தைப் பயிரிடுதல் என்பதே முதல் அர்த்தம். சிஸெரோதான் அதை மனசுக்கு மாற்றினார். நம்முடைய ‘பண்பாடு’ என்ற சொல்லும் பண்படுத்துவதற்கு உறவுதான். ஆனால் எந்த நிலத்தைப் பண்படுத்துவது? நம் இலக்கியம் இதற்குத் தயங்காமல் மருதம் என்று பதில் சொல்லும். ‘பொன்னியின் செல்வன்’ 1950-ல் தொடங்கியபோது கதாநாயகன் குதிரையோடு வந்து நின்ற இடம் வீராணத்து ஏரிக்கரை; நாள் ஆடிப்பெருக்கு. கல்கியைக் குறை சொல்லவில்லை. வாசகனின் மனசிலே தமிழ்நாடு என்றால் தண்ணீர் நிறைந்த ஏரி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நெல்லுக்கு ஏரி வேண்டும். ஏரிக்கு ராஜா வேண்டும். ராஜா இருந்தால் கோயிலும் கல்வெட்டும் வரும். சரித்திராசிரியனுக்கு வேலை சுலபம். மானாவாரிக் காட்டுக்கு இந்தச் சௌகரியம் எதுவும் இல்லை. பாரூர் ஏரிப் பாசனத்தில் போச்சம்பள்ளிப் பக்கமும் நெல் விளைகிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சீமையை நெடுங்காலம் காப்பாற்றியது ராகியும் கொள்ளும் அவரையும்தான்.

எவ்வளவு காலம் என்பதற்கும் ஒருவாறு சாட்சி உண்டு. பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் 1964-65லும் 1967-68லும் தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். புதிய கற்காலத்து மனிதர்கள் குடியிருந்த இடம் அது. கொள்ளு, பச்சைப்பயறு, ராகி என்று இனங்காணப்பட்ட கருகிய தானியங்கள் அங்கே கிடைத்தன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-ல் அறிவித்தார்கள். ராகியோ ஆப்பிரிக்காவின் கிழக்கு மேட்டு நிலங்களிலிருந்து வந்த பயிர். நம் ஊர் மண்ணின் அசல் வாசனை என்று நாம் உருகுவது கடல் கடந்து வந்து குடியேறியது! இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வந்ததை வைத்துக்கொண்டு வாழக் கற்றதுதான் பண்பாடு.

ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்க அறிஞர் 2017-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்கிறார். பூமிக்கு மேலே, எல்லாம் ஒரே சமயத்தில் முற்றி, அளக்கவும் சேர்க்கவும் தோதாக இருக்கிற தானியங்களின் மேல்தான் ஆதி அரசுகள் எழுந்தன. காரணம், வரி வாங்குவது எளிது என்கிறார். இதைப் படித்ததும் இங்கத்துக் காடு எனக்கு ஞாபகம் வந்தது. ராகிக்கு நடுவே அவரை, ஓரத்தில் ஆமணக்கு. ஒன்று முடிந்து ஒன்று காய்க்கும். அதிகாரி ஒரே நாளில் வந்து அளந்துகொண்டு போக முடியாது. ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும் என்கிற அறிவு அதில் இருக்கிறது.

வள்ளுவருக்கு இந்த அறிவு உண்டு. அதே ‘உழவு’ அதிகாரத்தின் ஏழாவது குறள், ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறது. மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தவர் சொல்கிற பேச்சு இது. மேடையில் இதைச் சொல்ல நான் கேட்டதில்லை.

நாவலில் இந்தப் பேச்சைப் பேசியவர்கள் சிலர் உண்டு. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942-ல் வந்தது. கொங்கு நாட்டு விதவை ஒருத்தி நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள், அவ்வளவுதான் கதை. அந்தக் கேள்வியில் ஒரு குடும்பமே உடைகிறது. வரப்பில் நின்று யாரும் சூரியனைப் பார்ப்பதில்லை. பெருமாள்முருகனின் ‘ஏறுவெயில்’ 1991-ல் வந்தது. காட்டை இழந்த குடியானவக் குடும்பம் என்ன ஆகிறது என்று பார்த்தது. இரண்டும் நிலத்தைப் புகழவில்லை. நிலம் மனிதர்களை என்ன செய்கிறது என்று சொல்கின்றன. நல்ல நாவலுக்கு இதுதான் வேலை.

போச்சம்பள்ளியில் இன்று சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. ஓலா கம்பெனி மின்சார ஸ்கூட்டர் செய்ய 2021-ல் இங்கே 500 ஏக்கரில் ஆலை எழுப்பி, முழுக்கப் பெண்களைக் கொண்டே நடத்தப் போவதாக அறிவித்தது. இதைக் கேட்டதும் ‘ஐயோ, விவசாயம் போயிற்றே’ என்று ஒரு கதை எழுதிவிடலாம். நானே எழுதியிருப்பேன். ஆனால் களை எடுத்ததும் கதிர் அறுத்ததும் பெண்கள். பட்டா பெரும்பாலும் ஆண்களின் பேரில். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் சம்பளக் கவரோடு வந்தால், அவளிடம் போய் ஏரின் பெருமையைப் பேச நமக்கு என்ன யோக்கியதை? காடு வேண்டுமா வேண்டாமா என்று நாகம்மாளின் பேத்தி என்ன நினைக்கிறாள் என்பதுதான் எழுதப்பட வேண்டிய நாவல்.

கிழவியிடம் இரண்டு படி ராகி வாங்கிக்கொண்டேன். “உங்களுக்கு அப்புறம் காட்டை யார் பார்ப்பார்கள்?” என்று கேட்டேன்.

“பேத்தி கம்பெனிக்குப் போவுது, சாமி. அதான் சொல்லணும்” என்றாள்.

குரலில் துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. அந்தக் குரலை எழுதத் தெரிந்தால் நான் நல்ல நாவலாசிரியன். இதுவரை தெரியவில்லை.