ஆட்டோவில் தோழி இல்லை

பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' 2024 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, ஆகஸ்ட் 23 அன்று நம் திரையரங்குகளுக்கு வந்தது. கதையை நான்கு வரியில் சொல்லிவிடலாம். மதுரை வட்டாரத்துக் கிராமத்துப் பெண் மீனா (அன்னா பென்) வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருப்பவன் பாண்டி (சூரி). பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது, யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, இரு குடும்பமும் ஆட்டோவிலும் பைக்குகளிலும் ஒரு சாமியாடியிடம் கிளம்புகிறது. காலில் கயிறு கட்டிய சேவலும் கூட வருகிறது. படத்தில் பின்னணி இசை கிடையாது. வண்டிச் சத்தமும் காற்றும் சேவலின் சிறகடிப்பும்தான் காதில் விழுகின்றன.

பந்தல்குடிப் பக்கத்துக்காரியான எனக்கு இந்தப் பயணம் அந்நியமானதில்லை. சீமைக்கருவேலமும் சுண்ணாம்புக்கல் புழுதியும் மண்டிய எங்கள் வெயில் காட்டில், ஒரு பிள்ளை நாலு நாள் சரியாகச் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்தால் வீட்டார் முதலில் தேடுவது டாக்டரை அல்ல, கோடாங்கியை. உடுக்கை அடித்துக் குறி சொல்வார். கயிறு மந்திரித்துத் தருவார். அந்தப் பிள்ளையிடம் 'உனக்கு என்னம்மா வேணும்' என்று மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்தான் காரணம்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தக் கதை ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். சங்க அகப்பாடல்களில் இதற்கு வெறியாட்டு என்று பெயர். தலைவி காதலால் மெலிகிறாள். முருகன் அணங்கிவிட்டான் என்று நினைத்துத் தாய் வேலனை அழைக்கிறாள். களம் அமைத்து, மறி அறுத்து, வேலன் ஆடுகிறான். ஆட்டுமறியின் இடத்தில் சேவலையும், வேலனின் இடத்தில் சாமியாடியையும் வைத்தால் 'கொட்டுக்காளி' வந்துவிடும். இந்தத் துறையைப் பாடியே பெயர் பெற்ற புலவர் ஒருவர் இருக்கிறார்: வெறிபாடிய காமக்கண்ணியார். பெண்பாற்புலவர் என்றே அவரை எண்ணிவருகிறோம்.

ஆனால் பழம்பாட்டில் இருந்த ஒருத்தி வினோத்ராஜின் ஆட்டோவில் இல்லை. அவள் தோழி.

வெறியாட்டுப் பாடல்களின் உயிரே தோழிதான். வேலன் ஆடத் தொடங்கும்போது இடையில் புகுந்து பேசுகிறவள் அவள். தன்னால் வந்த நோய் இல்லை என்று தெரிந்தும் வெறிக்களத்துக்கு வந்து நிற்கிற முருகனையே அறிவில்லாதவன் என்று கேலி செய்யும் தோழி நற்றிணையில் இருக்கிறாள். காதலைச் செவிலிக்கு எடுத்துச் சொல்லும் அவள் செயலுக்கு இலக்கணம் வைத்த பெயர் 'அறத்தொடு நிற்றல்'. குறிஞ்சிப்பாட்டின் 261 அடியும் அப்படி ஒரு தோழியின் பேச்சு. காதலை வெளியே சொல்வதை அறத்தின் பக்கம் நிற்பதாக நம் இலக்கணம் பார்த்திருக்கிறது என்பதை மாணவியர் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

குறுந்தொகையில் ஔவையாரின் பாடல் ஒன்று உண்டு. குறி சொல்லும் கட்டுவிச்சி மலைகளைப் பாடிக்கொண்டே வருகிறாள். தலைவனின் மலை பாட்டில் வந்ததும் தோழி அவளை நிறுத்தி, அந்தப் பாட்டையே மறுபடி பாடச் சொல்கிறாள். அது போதும், தாய்க்கு விஷயம் புரிந்துவிடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு 'கொட்டுக்காளி'யின் நடுக்காட்சியைப் பாருங்கள். வழியில் ஒரு சடங்கு ஊர்வலம். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. மீனாவின் உதடு அந்தப் பாட்டோடு சேர்ந்து முணுமுணுக்கிறது. பாண்டி அதைப் பார்த்துவிடுகிறான். வண்டியை மறித்து அவளை அடிக்கிறான், தடுக்க வரும் பெண்களையும் அடிக்கிறான். அங்கே பாட்டு உண்மையைச் சொல்ல வழி திறந்தது. இங்கே பாட்டே குற்றம்.

என்னை உறுத்துவது இந்தக் காட்சியில் பெண்கள் செய்வதும் செய்யாததும். மீனாவின் அம்மாவும் பாண்டியின் அக்கா தங்கைகளும் அடியைத் தடுக்கக் குறுக்கே விழுகிறார்கள். அடி முடிந்ததும் மறுபடி வண்டியில் ஏறிக்கொள்கிறார்கள். அவள் உடம்புக்கு ஆள் வருகிறது. அவள் சொல்லுக்கு யாரும் வரவில்லை.

வெறியாட்டுப் பாடம் நடத்திய வகுப்பில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசினோம். திருச்சுழிப் பக்கத்திலிருந்து பேருந்தில் வரும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "அம்மா, மீனாவுக்குப் பிரண்டே கிடையாதா? காலேஜுக்கெல்லாம் போயிருக்காள்ல?" வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தைப் பற்றி வந்த பாராட்டுரைகள் பலவும் மீனாவின் மௌனத்தைப் பெரும் எதிர்ப்பாகக் கொண்டாடின. நானும் அந்த மௌனத்தின் வலுவை மறுக்கவில்லை. ஏறத்தாழப் படம் முழுக்கப் பேசாமலே, பார்வையாலேயே அத்தனை ஆண்களையும் நிலைகுலைய வைக்கிறார் அன்னா பென். ஆனால் பேசாதவளைத் தெய்வமாக்குவது நம் ஊருக்குப் பழகிய வேலை. வாய் திறக்காமல் செத்த பெண்களுக்குத்தான் இங்கே பீடம் கட்டியிருக்கிறோம்.

'நிலைமை அப்படித்தானே இருக்கிறது, இயக்குநர் இருப்பதைத்தானே காட்ட முடியும்' என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நிலைமை அப்படி மட்டும் இல்லை. அருப்புக்கோட்டை வட்டாரத்தில் விடியுமுன்னே மில் வேன் வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. அந்த வேனுக்குள் ஒருத்தியின் போன் இன்னொருத்தியின் சாப்பாட்டுப் பையில் இருக்கும். ஒருத்திக்காக இன்னொருத்தி வீட்டில் பொய் சொல்வாள். மாட்டிக்கொண்டால் இருவரும் அடிவாங்குவார்கள். நம் சினிமா ஆட்டோவைப் பார்த்த அளவுக்கு இந்த வேனைப் பார்க்கவில்லை.

சாமியாடியின் இடத்தில் வேறொரு பெண்ணுக்கு நடப்பதைப் பாண்டி பார்க்கிறான். படம் அவன் தயக்கத்தில் வந்து நின்றுவிடுகிறது. துணிச்சலான முடிவுதான். ஆனாலும் மீனாவின் வாழ்க்கை கடைசியில் ஓர் ஆணின் மனம் மாறுமா என்ற கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது வழியில் வரும் சிறுமி. சாலையை மறித்து நிற்கும் காளையை விலக்க ஆண்கள் திணறுகிறார்கள். ஒரு சின்னப்பெண் வந்து சர்வசாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். படம் அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

இது திரைக்குள் முடிகிற விஷயமில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் கௌசல்யாவின் கண்முன்னே அவர் கணவர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். வெட்டுக்காயங்களோடு பிழைத்த கௌசல்யா நீதிமன்றத்தில் பெற்றோருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் அவர் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்தது. அத்தனைக்குப் பிறகும் அவர் பேசுவதை நிறுத்தவில்லை. மௌனத்தைக் கொண்டாடும்போது இந்தக் குரலையும் நினைக்க வேண்டும். பேசுகிற பெண்ணுக்கு ஆதரவாக நாலு பேர் நிற்பது எவ்வளவு பெரிய தேவை என்பது அப்போது விளங்கும்.

தோழி இருக்கிற படைப்புகளும் நம்மிடம் உண்டு. முத்துக்குமார் இயக்கி 2023 ஜனவரியில் ஜீ5 தளத்தில் வந்த 'அயலி' எட்டுப் பாகத் தொடர். பெண் வயதுக்கு வந்ததும் கட்டிக்கொடுத்துவிடும் புதுக்கோட்டைப் பக்கத்து ஊரில், டாக்டராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி தான் பெரியவளானதை மறைக்கிறாள். விஷயம் தெரிந்தபின் அவள் அம்மா குருவம்மாள் (அனுமோள்) நடுங்கிக்கொண்டே அந்த ரகசியத்தைக் காக்கிறார். தாயே தோழியாகிவிடுகிறார். தொடரில் நாடகத்தனம் கொஞ்சம் தூக்கல்தான், பிரசங்கமும் உண்டு. ஆனால் பயந்த ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்காகப் பொய் சொல்லக் கற்றுக்கொள்வதை இவ்வளவு நிதானமாகத் தமிழில் நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இன்னொன்று எங்கள் கரிசல் காட்டுப் படம். ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' கதையை வைத்து சசி இயக்கிய 'பூ' (2008). பட்டாசு வேலைக்குப் போகும் மாரியாகப் பார்வதி வருகிறார். மாரி ஓயாமல் பேசுகிறாள், சிரிக்கிறாள், தன் ஆசையைக் கூட வேலை பார்ப்பவளிடம் வெட்கமில்லாமல் சொல்கிறாள். வெயிலும் வேலையும் பேச்சும் சேர்ந்த பெண் அவள். தன் வாழ்வைவிடத் தான் விரும்பியவனின் வாழ்வையே நினைத்து உருகுவதில் எனக்கு இன்றும் சண்டை உண்டு. ஆனாலும் எங்கள் ஊர்ப் பெண்ணின் வாயைத் திரையில் கேட்டது அங்கேதான்.

சங்ககாலத்தைப் பொற்காலமாக்குவது என் வேலையில்லை. அந்தத் தோழியின் பேச்சும் திருமணத்தில்தான் போய் முடிந்தது. அவளுக்கென்று ஒரு காதல், ஒரு கதை தரப்படவில்லை. நாம் கேட்க வேண்டிய தோழி இன்னும் வளர்ந்தவளாக இருக்க வேண்டும்.

மாணவியர் முதலில் 'பூ'வையும் அடுத்து 'அயலி'யையும் கடைசியாக 'கொட்டுக்காளி'யையும் பாருங்கள். முடிந்தால் தனியாகப் பார்க்காதீர்கள். வீட்டில் அம்மாவோ அத்தையோ கூட உட்காரட்டும். பார்த்து முடித்ததும் ஒரு கேள்வியை நடுவில் வையுங்கள்: அந்த ஆட்டோவில் இருந்த பெண்களில் யார் வாய் திறந்திருக்கலாம், அவளைத் தடுத்தது எது? பதில் சொல்ல அம்மாக்களுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். காத்திருங்கள்.