சங்கிலியும் கட்டிலும்

மனநோயாளிக்காகக் கண்ணீர் விடத் தமிழ்த் திரை நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. அவனுக்குச் சமூகத்தில் எங்கே இடம் என்று கேட்க அது கற்றுத் தரவில்லை. இக்குறையை எடுத்துக்காட்டச் சிறந்த படங்கள் இரண்டையே நாம் தேர்ந்துகொள்கிறோம். இழிந்தவற்றோடு வழக்காடுவதிற் பயனில்லை.

மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா 1982இல் 'மூன்றாம் பிறை'யைத் தந்தார். நினைவிழந்து குழந்தையாகிவிட்ட பெண் அதில் ஒருநாள் வைத்தியத்தில் முற்றாகத் தேறிவிடுகிறாள். அவருடைய மாணவர் பாலாவின் 'சேது' 1999இல் வந்தது. மனம் பேதலித்த இளைஞன் மடமொன்றிற் சங்கிலியால் பிணைக்கப்படுகிறான். தெளிந்து தப்பியவன், காதலி மாண்டதைக் கண்டு தானே அங்குத் திரும்புகிறான். ஒன்றில் அற்புதம், மற்றதில் விதி.

'சேது' பொய் சொல்லவில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியிலே தீப்பற்றியபோது சங்கிலியிற் கட்டுண்டிருந்த நோயாளர் ஓட வழியின்றிக் கருகினர். 28 உயிர்கள் மாண்டன. ஆயினும் கொடுமையைக் காட்டுவது வேறு, அதனை மாறாத விதியெனக் காட்டுவது வேறு. சங்கிலி மனிதர் பூட்டியது, மனிதர் கழற்றக்கூடியது.

இதற்குச் சான்று பாலு மகேந்திரா பிறந்த வாவிக்கரையிலேயே இருக்கிறது. முன்னர் அங்கு ஒருவருக்கு மனநோய் முற்றினால், கொழும்பை அடுத்த அங்கொடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். போர்க்காலத்தில் அது எத்தகைய பயணம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவ்வூரின் பெயரே வசைச்சொல்லாயிற்று. 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் மருத்துவர் மகேசன் கணேசனும் அவரோடு உழைத்தோரும் மட்டக்களப்பிலேயே மனநலச் சேவையைக் கட்டியெழுப்பினர். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், மாவட்டந்தோறும் சிகிச்சை என்பது 2005ஆம் ஆண்டுத் தேசிய மனநலக் கொள்கையாயிற்று. பேரலைக்கு முன் இலங்கையின் 10 மாவட்டங்களில் மட்டுமிருந்த மனநலச் சேவை 2011 அளவில் 20 மாவட்டங்களுக்குப் பரவியது.

பொது வைத்தியசாலையில் ஒரு கட்டில் என்பது சிறிய செய்தியன்று. காய்ச்சற்காரனும் மனநோயாளியும் ஒரே வாயிலால் நுழையும்போது இழிவின் பாதி அங்கேயே உதிர்கிறது. அன்றியும், மனத்துயர் அங்கு முன்னரே வந்து படுத்திருக்கிறது. அலரிவிதை அரைத்துக் குடித்த பெண்ணைப் பிழைக்கவைத்து வீட்டுக்கு அனுப்புகிறோம். ஏன் குடித்தாள் என்று கேட்பதும் மருத்துவமே. கல்கத்தாப் பொது மருத்துவமனையொன்றில் கிரீந்திரசேகர போஸ் 1933இலேயே மனநோய்ப் பிரிவைத் தொடங்கினார். அறிவு வந்து நெடுங்காலமாயிற்று, தாமதித்தது சமூகமே.

மருந்து ஒன்றே போதும் என்று நாம் கூறவில்லை. மகனைக் காணாமற்போக்கிய தாயின் உறக்கமின்மைக்கு நீதியும் வேண்டும். கடனில் மூழ்கிய உழவனின் துயருக்கு நியாயமான நெல்விலையும் வேண்டும். ஆனால் நீதி வரும்வரை அவர்களை வாசலில் நிறுத்தி வைக்கலாகாது.

படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து, மாதந்தோறும் மகனைச் சிகிச்சைக்கு அழைத்துவரும் தாயைப் பற்றி யார் கதை எழுதினார்கள்? அதில் அற்புதமில்லை, பெருஞ்சோகமுமில்லை. மருந்து உண்டு, காத்திருப்பு உண்டு; மெல்ல மெல்ல வயலுக்குத் திரும்பும் ஒருவன் உண்டு. அவனைக் காணும் கண் நம் கலைக்கு வரவேண்டும்.