சொல்லின் வேர் சான்றாகுமா?

ஆங்கிலச் சொற்களின் பழைய பொருளையும் அது திரிந்த வரலாற்றையும் பொதுமக்களும் சுவைக்கும் வண்ணம் எழுதியவருள் ரிச்சர்டு ஷெனவிக்ஸ் டிரெஞ்சு முன்வைத்து எண்ணத்தக்கவர். பின்னாளில் டப்ளின் பேராயராய் விளங்கிய அவர், வின்செஸ்டர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி மாணவர்க்கு ஆற்றிய சொற்பொழிவுகளே 1851-இல் 'சொற்களைப் பயிலுதல்' என்னும் பொருள்படும் பெயருடன் நூலாயின. ஆசிரியராகப் போகும் இளைஞர்க்கென எழுந்த நூலாதலின், அதன் நிறைகுறைகளை ஆசிரியர்கள் ஆராய்ந்து கொள்ளுதல் தகும்.

நிறை வெளிப்படை. அகராதியில் உறங்கும் சொல்லை எழுப்பிப் பேச வைக்கும் திறம் டிரெஞ்சுக்கு உண்டு. 'சில்லி' என்பது இன்று அறிவிலியைக் குறிக்கும். முன்னர் 'சீலி' என வழங்கிய காலத்தில் அது பேறு பெற்றவனைக் குறித்தது. பேறு பெற்றவன் கள்ளமற்றவனானான், கள்ளமற்றவன் இரங்கத்தக்கவனானான், பின் வலுவிலியாகி, 16-ஆம் நூற்றாண்டில் மூடனாகவே முடிந்தான். (பொருள் இழிவதற்குத் தமிழாசிரியர்க்கு 'நாற்றம்' ஒன்றே போதும், விரிக்க வேண்டா.)

டிரெஞ்சு சமய அறிஞர். ஆகவே சொற்களின் இழிவில் மனித இனத்தின் ஒழுக்க வீழ்ச்சியைக் காண்கின்றார். ஏற்றம் பெற்ற சொற்களை அவர் அறியாதவரல்லர். எனினும் துலாக்கோல் தாழ்ச்சிப் பக்கமே சாய்கின்றது. இதனினும் ஒரு படி மேற்சென்று, 'பெயின்' என்னும் சொல் தண்டனை எனப் பொருள்படும் 'பொயினா' என்னும் இலத்தீன் சொல்லினின்று வந்ததாதலின், நோவு என்பது தண்டனையே என்பதற்கு அச்சொல்லே சான்று பகர்வதாக எழுதுகின்றார். நூல் வழுக்கி விழும் இடம் இதுவே.

சொற்பிறப்பு சரியே, முடிவுதான் பிழை. 'பெயின்' என்பது 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர்ப் பிரெஞ்சு வழியாகப் புகுந்த சொல். அதற்கு முன் ஆங்கிலேயர்க்கு நோவே இல்லையா? இருந்தது, அதனை 'ஸார்' என்றும் 'எச்சே' என்றும் கூறினர். இன்றைய 'ஸோர்', 'ஏக்' ஆகியன இவற்றின் வழிவந்த உறவுகளே. இவற்றுள் தண்டனையின் நிழலும் இல்லை. இலத்தீன் சொல்லோ கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கு அதன் பழம்பொருள் கொலைக்கு ஈடாகச் செலுத்தும் பொருள். வேர்தான் உண்மை கூறும் என்றால், பல்வலியை இழப்பீட்டுத் தொகை என்று கொள்ள நேரும்!

இனி 'நேவ்', 'நைட்' என்னும் இரண்டையும் ஒப்பு நோக்குக. பழைய ஆங்கிலத்தில் இரண்டும் சிறுவனைக் குறித்தன. பின் பணியாளைக் குறித்தன. இன்று ஒன்று கயவன். மற்றொன்று வீரப் பட்டம். மனித இனத்தின் வீழ்ச்சியே காரணமாயின், ஒரே படியில் நின்ற இரண்டனுள் ஒன்று மட்டும் உயர்ந்ததேன்? ஒருவன் தலைவனுடன் குதிரையேறிப் போருக்குச் சென்றான். மற்றவன் ஏவற்பணியிலேயே நின்றான். உயர்ந்ததும் தாழ்ந்ததும் பணிக்கு ஊரார் தந்த மதிப்பே. ஜெர்மன் மொழியில் 'நேவ்' என்பதன் உறவுச் சொல் இன்றும் சிறுவனையே குறிக்கின்றது. அதனால் ஜெர்மானியர் ஆங்கிலேயரினும் ஒழுக்கத்திற் சிறந்தவர் என்று எவரும் கூறார்.

'வில்லன்' வகையில் டிரெஞ்சே இவ்வுண்மையைத் தொட்டுவிடுகின்றார். பண்ணையில் உழைத்த குடியானவனைக் குறித்த அச்சொல், மொழியைத் தம் கையில் வைத்திருந்த மேல்வகுப்பாரின் எண்ணத்தால் கொடியவனைக் குறிக்கலாயிற்று என்கின்றார். (தமிழ்த் திரைப்படத்தில் கத்தியும் கையுமாக வரும் வில்லனுக்குத் தன் பாட்டன் ஏர் பிடித்தவன் என்பது தெரியாது.) இவ்விளக்கை ஏனைச் சொற்களின்மேலும் பிடித்திருந்தால் நூல் வேறாகியிருக்கும்.

ஆறாண்டுகட்குப் பின், 1857-இல், இலண்டன் மொழிநூற் கழகத்தில் ஆங்கில அகராதிகளின் குறைபாடுகளைப் பற்றி அவர் படித்த கட்டுரைகளில் நீதிபதி மறைந்து வரலாற்றாசிரியர் தோன்றுகின்றார். அகராதி செய்வோன் சொற்களுக்குத் தீர்ப்பளிப்பவன் அல்லன், அவற்றின் வரலாறு எழுதுவோன் என்பது அங்கு அவர் நிலைநாட்டும் கொள்கை. அதன் வழி எழுந்ததே பின்னர் ஆக்ஸ்போர்டு அகராதி எனப் பெயர் பெற்ற பேரகராதி. முதற் பகுதி 1884-இல் வெளிவந்து, 1928-இல் பணி நிறைவெய்தியது. அதில் சொற்பொருள்கள் ஆண்டு குறித்த மேற்கோள்களுடன் நிற்கின்றன. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் 'மீட்' காணிக்கை என்பது மாவும் எண்ணெயுமாக இருப்பதைக் கண்டு மயங்கும் மாணவனுக்கு, அக்காலத்து 'மீட்' எல்லா உணவையும் குறித்தது என்று இவ்வகராதி விடை தருகின்றது. ஊனுண்ணலின் அறத்தைப் பற்றி அது ஒன்றும் பேசுவதில்லை.