நிலக்கரிப் பெட்டியும் எழுதுவினைஞரும்

சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1843இல் வெளியிட்ட ‘எ கிறிஸ்மஸ் கரோல்’ குறுநாவலில் வரும் குளிர்ந்த காரியாலயத்தை, அதன் முதலாளி ஸ்குரூஜின் இறுகிய நெஞ்சுக்குக் குறியீடாகக் கொள்வது வழக்கம். அது பொருந்துவதே; எனினும் முழுமையானதன்று. அக்குளிர் உழைப்பின் நிபந்தனையுமாகும்.

லண்டன் பனிக்காலத்தில், எழுதுவினைஞரான பொப் கிரச்சிற்றின் சிற்றறையில் ஒற்றைக் கரித்துண்டளவே நெருப்பு எரிகிறது. நிலக்கரிப் பெட்டியோ முதலாளியின் அறையில் உள்ளது. கரி எடுக்கச் சென்றால் வேலை பறிபோகும். ஆகவே அவர் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு மெழுகுவர்த்தியிற் குளிர்காய முயல்கிறார். அம்முயற்சியை டிக்கன்ஸ் நகைச்சுவையாக்குகிறார். ஆயின் அந்நகைப்பின் அடியில் இருப்பது, வெப்பத்தின்மீது உழைப்பவனுக்கு உரிமையில்லை என்னும் உண்மையே.

இறுதியில் ஸ்குரூஜ் மனந்திருந்திச் சம்பளத்தை உயர்த்துகிறான். இன்னொரு கரிவாளி வாங்கவும் பணிக்கிறான். ஆயினும் கொடுப்பவன் அவனே, பெறுபவர் கிரச்சிற்றே. இவ்வுறவை நூல் வினவவில்லை. மனம் தந்ததை மனமே மீளப் பறிக்கவுங்கூடும்.

காரியாலயங்களில், வேலை தொடங்கி ஒரு மணி நேரத்தின் பின் வெப்பநிலை 16 பாகை செல்சியசுக்குக் குறையலாகாதெனப் பிரித்தானியச் சட்டம் விதித்தது 1963இல். டிக்கன்ஸின் கருணை பெரிது. அக்கருணை உரிமையாவதற்கோ நூற்றிருபது ஆண்டுகள் சென்றன.