மக்களின் மகிழ்ச்சி: ஆறாம் வேற்றுமை பற்றி ஒரு குறிப்பு

கரிஞ்சா செத்துப்போனது 1983 ஜனவரி 20ஆம் தேதி, ரியோ டி ஜெனிரோவில். வயது 49. குடியால் வந்த சாவு. உடலை மரக்கானா மைதானத்தில் கிடத்தி, பொட்டாஃபோகோ கிளப்பின் கொடியைப் போர்த்தி, பிறகு தீயணைப்பு வண்டியில் ஏற்றிப் பிறந்த ஊரான பாவ் கிராண்டேவுக்குக் கொண்டுபோனார்கள். வழிநெடுக ஜனம். கல்லறையில் அவரை 'மக்களின் மகிழ்ச்சி' என்று பொறித்தார்கள். இந்தப் பட்டம் செத்தபிறகு சூட்டப்பட்டதல்ல. ஜோவாகிம் பெத்ரோ தெ அந்த்ராதே 1960களின் தொடக்கத்தில் அவரைப் பற்றி எடுத்த கறுப்பு வெள்ளை ஆவணப்படத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. ஆக, உயிரோடு இருந்த ஒரு மனிதனுக்கு முன்கூட்டியே ஒரு கல்லறை வாசகம் தயாராக இருந்திருக்கிறது.

நான் கால்பந்து தெரிந்தவன் அல்ல. எம்.ஏ.வில் சேனாவரையரோடு இரண்டு வருஷம் மல்லுக்கட்டியவன், அவ்வளவுதான். அதனாலோ என்னவோ 'மக்களின் மகிழ்ச்சி' என்று கேட்டவுடன் எனக்கு அந்த 'இன்' உறுத்தியது. ஆறாம் வேற்றுமைப் பொருள் கிழமை, அதாவது உடைமை. அதை நம் இலக்கணக்காரர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். சாத்தனது கை என்றால் தற்கிழமை: கை சாத்தனிடமிருந்து பிரிக்கமுடியாதது. சாத்தனது ஆடை என்றால் பிறிதின்கிழமை: கழற்றி எறிந்துவிடலாம். மகிழ்ச்சி மக்களின் தற்கிழமை, சரி. ஆனால் அந்த மகிழ்ச்சிக்குப் பெயராக வைக்கப்பட்ட ஆள்? மானுவல் ஃபிரான்சிஸ்கோ தோஸ் சாந்தோஸ் என்கிற, ஒரு கால் உள்பக்கமாகவும் மற்றது வெளிப்பக்கமாகவும் வளைந்த, நெசவாலை ஊர்க்காரர்? ரசிகர்களின் துக்கத்தில் அவர் கை. கிளப்பின் கணக்குப் புத்தகத்தில் அவர் ஆடை.

இளம்வயதில் செத்த ஆட்டக்காரர்களை நினைவுகூர்வதில் பல விதங்கள் உண்டு. 1958 பிப்ரவரியில் மூனிச் விமான விபத்தில் அடிபட்டு, 15 நாள் கழித்து இறந்த டங்கன் எட்வர்ட்ஸுக்கு 21 வயது. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் ஆடாத ஆட்டங்களைப் பேசுகிறார்கள். 1994இல் உலகக் கோப்பையில் சொந்த கோலுக்குள் பந்தைத் தள்ளிவிட்டு ஊர் திரும்பிய ஆந்த்ரேஸ் எஸ்கோபாரை ஜூலை 2ஆம் தேதி மெதெயினில் சுட்டுக்கொன்றார்கள். வயது 27. அங்கே கொலை இருக்கிறது, கொலையாளி இருக்கிறான், கோபத்துக்கு ஒரு முகவரி இருக்கிறது. கரிஞ்சாவின் சாவு இந்த இரண்டு வகையிலும் சேராது. அது ஏறத்தாழ இருபது வருஷம், எல்லோர் கண்முன்னும், தவணை முறையில் நடந்த சாவு. யாரும் கொல்லவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட ஒரு சாவை ரசிக மனம் எப்படி ஜீரணிக்கிறது என்பதுதான் என் கேள்வி.

கதைகள் மூலமாகத்தான். கரிஞ்சாவைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளைத் தொகுத்துப் பாருங்கள். 1958இல் ஸ்வீடனில் ஒரு ரேடியோ வாங்கினாராம். இது ஸ்வீடிஷ் மொழிதான் பேசும், பிரேசிலில் வேலை செய்யாது என்று யாரோ சொல்ல, நம்பிப் பாதி விலைக்கு விற்றுவிட்டாராம். எதிரே தடுக்க வருகிறவன் பெயர் எதுவானாலும் அவருக்கு எல்லோரும் 'ஜோவாவ்'தானாம், நம்மூரில் குப்புசாமி என்பதுபோல. எதிரி யாரென்றே தெரியாமல் ஆடிய வெகுளி. குழந்தை. பறவை. (கரிஞ்சா என்பதே ஒரு சின்னப் பறவையின் பெயர்தான்.) ரூய் காஸ்த்ரோ 1995இல் எழுதிய வாழ்க்கை வரலாறு ஆங்கிலத்தில் 2004இல் வந்தது. இந்தக் கதைகளில் பலவற்றைக் கட்டிவிட்டவர் சாண்ட்ரோ மொரெய்ரா என்கிற பத்திரிகைக்காரர் என்று அதில் தெரிகிறது. 'ஜோவாவ்' அவருடைய கைச்சரக்கு. அவர் கரிஞ்சாவின் நண்பர், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பத்திரிகைக்குத் தினம் ஒரு துணுக்கு வேண்டும், எழுதினார். ஆனால் அந்தத் துணுக்குகளைத்தான் ரசிகர்கள் நினைவு என்று சேமித்துவைத்திருக்கிறார்கள்.

இந்த வெகுளிப் பிம்பம் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது? ஆடுகிறவனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்துவிட்டால் அது வேலையாகிவிடும். வேலையென்றால் கூலி என்ன, நேரம் என்ன, அடிபட்டால் யார் பொறுப்பு என்று கேள்வி வரும். பறவையிடம் யாரும் சம்பளச் சீட்டு கேட்பதில்லை. பொட்டாஃபோகோ நீட்டிய வெற்று ஒப்பந்தத் தாள்களில் தொகை எழுதப்படும் முன்பே அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததையும் இதே சிரிப்போடுதான் சொல்கிறார்கள்: பாருங்கள், பணத்தாசையே இல்லாதவர்! ஒரு நெசவாலைத் தொழிலாளி முதலாளி நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தால் நாம் சுரண்டல் என்கிறோம். மைதானத்தில் நடந்தால் அது புராணம்.

நெசவாலை என்பது உவமை இல்லை. பாவ் கிராண்டே ஓர் ஆலை ஊர். அமெரிக்கா ஃபாப்ரில் என்கிற நிறுவனத்தின் ஆலை, ஆலையின் வீடு, ஆலையின் மைதானம். கரிஞ்சா 14 வயதில் அங்கே வேலைக்குப் போனார். மோசமான தொழிலாளி என்றுதான் பெயர். வேலை நேரத்தில் எங்காவது படுத்துத் தூங்குவாராம். ஆனாலும் வைத்துக்கொண்டார்கள், ஊர் அணிக்கு அவர் தேவைப்பட்டதால். எனவே பொட்டாஃபோகோவுக்கு 1953இல் வந்துசேரும் முன்பே அவருடைய ஆட்டம் இன்னொருவர் கணக்கில் ஏறியிருந்தது. பிறகு 1958, 1962 இரண்டு உலகக் கோப்பைகள். இரண்டாவதில் பெலே இரண்டாவது ஆட்டத்திலேயே காயம்பட்டு உட்கார்ந்துவிட, கால் இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு, அரை இறுதியில் சிலேக்கு எதிராக இரண்டு என்று கோல் போட்டுக் கோப்பையை ஏறக்குறைய ஒற்றை ஆளாகத் தூக்கிவந்தவர் கரிஞ்சா. அதன்பின் முழங்கால். தேய்ந்துகொண்டிருந்த மூட்டு. கிளப்பின் வெளிநாட்டுச் சுற்றுப்பயணங்களில் வருமானமே அவரை நம்பித்தான் இருந்தது. ஊசி போட்டு இறக்கினார்கள். அறுவை சிகிச்சை 1964 வரை தள்ளிப்போனது. 1966இல் விற்றுவிட்டார்கள். பிரேசில் சட்டை போட்டு அவர் தோற்ற ஒரே ஆட்டம், அந்த 1966 ஜூலையில் லிவர்பூலில் ஹங்கேரியிடம் 3–1. அதுவே தேசிய அணிக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம்.

அந்த முழங்காலைப் பார்க்கக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் யார்? ரசிகர்கள்தான். 1973 டிசம்பரில் மரக்கானாவில் பிரிவுபசார ஆட்டம் வைத்தபோது 1,31,000 பேர் வந்தார்கள். நாற்பது வயது ஆளைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அழுதார்கள். 1980இல் மங்கெய்ரா சம்பா பள்ளி அவரைக் கார்னிவல் ரதத்தில் உட்காரவைத்துக் கொண்டுபோனது. சுற்றிலும் ஆட்டம், நடுவில் எதையும் பார்க்காத கண்களோடு அந்த மனிதர். உயிரோடு இருக்கும்போதே உற்சவமூர்த்தி ஆக்கப்பட்டவர். மூன்று வருஷம் கழித்துச் செத்தார்.

இந்த இடத்தில் ரசிகர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நம்ம இடதுசாரி நண்பர்கள் சிலருக்குக் கால்பந்தென்றால் அபின், ரசிகனென்றால் ஏமாளி. அத்தோடு விஷயம் முடிந்தது. எனக்கு அந்த வசதி இல்லை. ஏனென்றால் நானே இதைச் செய்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் என் கவிஞர் நண்பர் ஒருவர் குடித்தே செத்தார். இப்படியொரு சிறுபத்திரிகைக்கு அஞ்சலிக் கட்டுரை எழுதினேன். 'கட்டற்ற ஆன்மா' என்று எழுதினேன். தன்னையே எரித்துக்கொண்ட சுடர் என்றெல்லாம் எழுதினேன். அவர் வேலைபார்த்த அச்சகத்தில் ஏழு மாதச் சம்பளம் பாக்கி இருந்தது எனக்குத் தெரியும். எழுதவில்லை. கட்டுரையின் லயத்துக்கு அது ஒத்துவரவில்லை. பிறகு அவருடைய மனைவி அதைப் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. இதுல இருக்கிறவரு யாருன்னுதான் தெரியல" என்றார். எதுவுமே சொல்லாமல் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எதுவர்தோ கலியானோ கால்பந்து பற்றி எழுதிய புத்தகத்தில் கரிஞ்சாவுக்கு ஓர் இடம் உண்டு. நோஞ்சான் குழந்தையாகப் பிறந்தவர், மைதானத்தைச் சர்க்கஸ் கூடாரமாக்கியவர் என்று எழுதிக்கொண்டு போகிறார். வறுமையைச் சொல்கிறார், மறைக்கவில்லை. ஆனாலும் படித்து முடிக்கையில் நம்மிடம் மிஞ்சுவது சர்க்கஸ்தான், மூட்டு அல்ல. கலியானோ போன்ற ஓர் எழுத்தாளருக்கே அஞ்சலி என்கிற வடிவம் இப்படிக் கைமீறிப் போகிறதென்றால் நானெல்லாம் எம்மாத்திரம்.

இந்தக் கதையாடலில் வில்லியும் உண்டு. எல்ஸா சோரெஸ், கறுப்பினப் பாடகி. கரிஞ்சா தன் முதல் மனைவியையும் எட்டு மகள்களையும் விட்டு இவரோடு வாழப்போனபோது ரசிகர்கள் கரிஞ்சாவைக் கேள்வி கேட்கவில்லை, எல்ஸாவைக் கேட்டார்கள். குடும்பத்தைக் கெடுத்தவள், நம் ஆட்டக்காரனைக் கெடுத்தவள். அவர் குடியை நிறுத்தப் பார்த்தவர், 1969இல் கரிஞ்சா ஓட்டிய கார் விபத்தில் தன் தாயைப் பறிகொடுத்தவர், அடியும் வாங்கியவர். இவையெல்லாம் 'மக்களின் மகிழ்ச்சி'க்குள் அடங்காத தகவல்கள். 2015இல், எண்பது வயதைத் தாண்டி, அவர் வெளியிட்ட இசைத்தொகுப்பில் அடிக்கும் ஆணை எதிர்த்து நிற்கும் பெண்ணின் பாட்டு ஒன்று இருக்கிறது. 2022 ஜனவரி 20ஆம் தேதி அவர் இறந்தார். அதே தேதி. போதாதா? 39 வருஷம் கழித்துச் சேர்ந்துவிட்டார்கள் என்று அமரகாதல் ஆக்கிவிட்டார்கள்.

ஆனால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த ஆவணப்படத்தை நண்பர் ஒருவர் வீட்டில் கணினியில் பார்த்தோம். படத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது கோல்கள் இல்லை, முகங்கள். பல்லுப்போன, வேர்த்துக் கொட்டுகிற, வாயைப் பிளந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. ஆலையிலிருந்தும் புறநகர் ரயிலிலிருந்தும் வந்தவர்கள்தான் என்று பார்த்தவுடன் தெரிகிறது. கரிஞ்சா செய்வது எப்போதும் ஒரே காரியம்: இடப்பக்கம் சாய்வார், பிறகு வலப்பக்கம் போவார். தடுப்பவனுக்குத் தெரியும், மைதானத்துக்கே தெரியும், இருந்தும் அவன் விழுவான். படம் ஓடிக்கொண்டிருக்கையில் நண்பர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளைச் சாய்த்து அதைச் செய்துகாட்டினார். மேசை மேலிருந்த டம்ளர் விழுந்தது. அவருக்கும் கால்பந்து தெரியாது.

அப்போதுதான் எனக்குப் பட்டது: ரசிகர்கள் வாயால் நினைவுகூர்வதும் உடம்பால் நினைவுகூர்வதும் வேறுவேறு. வாய் சொல்வது மொரெய்ராவின் துணுக்கு, பறவை, குழந்தை. தோள் செய்துகாட்டுவதோ ஒரு தொழில்நுணுக்கம். எந்தக் காலில் எடை, எந்த நொடியில் நிற்பது, எப்போது கிளம்புவது. தறிக்காரர் ஒருவர் செத்தபிறகு இன்னொரு தறிக்காரர் 'அவரு நாடாவ இப்படித்தான் வீசுவாரு' என்று கையைக் காட்டுவதுபோல. அந்தச் சைகையில் வெகுளித்தனம் இல்லை. ஒரு வேலைக்காரர் இன்னொரு வேலைக்காரரைச் சரியாகப் பார்த்துவைத்திருக்கிற பார்வைதான் இருக்கிறது. 1983இல் பாவ் கிராண்டே சாலையில் நின்ற கூட்டத்தில் இந்த இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். எழுதுகிற நாம் முதலாவதை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டோம். இரண்டாவதை எழுதத் தமிழில் மட்டுமில்லை, எந்த மொழியிலும் விமர்சனத்துக்கு இன்னும் நடை கைவரவில்லை என்று நினைக்கிறேன். காஸ்த்ரோ முயன்றார். சம்பளத்தையும் முழங்காலையும் படுக்கையறையையும் சேர்த்து எழுதினார். கரிஞ்சாவின் வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். அந்தக் கோபத்தையும் நான் புரிந்துகொள்கிறேன்.

பிரேசிலியாவில் மானே கரிஞ்சா என்று அவர் பெயரில் ஓர் அரங்கம் இருக்கிறது. 2014 உலகக் கோப்பைக்காக அதை இடித்துக் கட்டினார்கள். அந்தப் போட்டிக்குக் கட்டியவற்றிலேயே அதிகச் செலவு வைத்த அரங்கம் அதுதான், நூறு கோடி ரியாலுக்கு மேல். அதில் நடந்த ஊழலுக்காக 2017 மே மாதம் அந்தத் தலைநகர மாவட்டத்தின் முன்னாள் ஆளுநர்கள் இரண்டு பேரைக் கைதுசெய்தார்கள்.

அதே மே மாதக் கடைசியில் இன்னொரு செய்தி வந்தது. பாவ் கிராண்டேவுக்குப் பக்கத்தில், ராயிஸ் தா செர்ரா மயானத்தில், கரிஞ்சாவின் எலும்புகள் எங்கே இருக்கின்றன என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் புதைத்த குழியிலிருந்து எடுத்துச் சுவர் மாடம் ஒன்றுக்கு மாற்றியிருக்கலாம் என்று மயான நிர்வாகம் சொன்னது. மாற்றியதற்குப் பதிவு இல்லை. அவர் பெயர் பொறித்த இடம் அந்த மயானத்தில் இரண்டு இருக்கிறது.