மீன்பாடும் தேன்நாடு: ஒரு படிமமும் அதன் பொருளடிப்படையும்

மட்டக்களப்பைப் பற்றிய எழுத்துகளில் ‘மீன்பாடும் தேன்நாடு’ என்னும் தொடர் இடம்பெறாதவை மிகச் சிலவே. விழா மலர், வாழ்த்துப்பா, ஆய்வுரை என எங்கும் அது முத்திரைபோற் பயின்றுவருகின்றது. பயிலப் பயிலப் பொருள் தேய்வது தொடர்களின் இயல்பு. ஆயின் இத்தொடரைப் பொறுத்தவரை தேய்ந்துவருவது பொருள் மட்டுமன்று. அது சுட்டும் வாவியின் உயிர்களுமாகும். இவ்விரு தேய்வையும் ஒருசேர நோக்குதல் திறனாய்வின் கடமையே.

1848இல் மட்டக்களப்புக்கு வந்த குடியேற்றநாட்டுச் செயலாளர் எமேர்சன் ரெனன்ற், வாவியின் ஓசையைத் தாமே கேட்டு 1859இல் வெளிவந்த தமது நூலில் அதுபற்றி எழுதினார். ஈண்டு முக்கியமானது அவர் கேட்டதன்று. அவருக்கு மீனவர் கூறியதே. ஓசை மீனிலிருந்து எழவில்லை, ஊரியிலிருந்து எழுகின்றது என்றனர் அவர்கள். வறட்சிக் காலத்தில் மட்டுமே அது கேட்கும். மழைவெள்ளம் வாவியை நிறைத்ததும் அடங்கிவிடும் என்றும் கூறினர். அவர்கள் காட்டிய காரணத்தை அறிவியல் இன்றுவரை உறுதிப்படுத்தவுமில்லை, முற்றாக மறுக்கவுமில்லை. எனினும் உப்புநீர், நன்னீர், பருவம், சேற்றுயிர் ஆகியவற்றை ஒரே தொடர்பில் வைத்து விளக்கிய அக்கூற்று, உழைப்பின் வழி வந்த சூழலறிவு என்பதில் ஐயமில்லை.

பின்வந்த கற்றோர் மரபு இவ்வறிவைப் பெரிதும் கைக்கொள்ளவில்லை. சுவாமி விபுலாநந்தர் (1892–1947) அவ்வோசையை நீரரமகளிரின் இசையாகக் கண்டார். இசைத்தமிழை மீட்க முனைந்த அவருக்கு அக்கற்பனை ஒரு தேடலின் பகுதி. அதிற் குறைகாண இடமில்லை. அவரைப் பின்பற்றியோரிடமோ தேடல் மறைந்து மகளிர் மட்டும் எஞ்சினர். ஊரியும் சேறும் கவிதைக்குப் புறம்பாயின.

திணைக்கோட்பாடு நமக்கு இதனினும் செறிவான பார்வையைத் தந்திருத்தல் வேண்டும். நெய்தலின் கருப்பொருள் வரிசையில் உணவும் மரமும் புள்ளும் தொழிலும் யாழும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. கா. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட கட்டுரையிலே திணைகளைச் சமமற்ற சமூக வளர்ச்சியின் வெளிப்பாடாக விளக்கினார். தமிழியலில் அது ஒரு திருப்பம் எனத் தயங்காது கூறலாம். எனினும் அவ்வழி வந்த முற்போக்குத் திறனாய்வு, உற்பத்தி உறவுகளை மாறுவனவாகவும் நிலத்தையும் நீரையும் மாறா மேடையாகவும் கருதிற்று. மேடையே அசையும் காலத்தில் அந்நோக்கு விரிவுபெறுதல் இன்றியமையாதது.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. கிழக்கே எழுவான்கரை, மேற்கே வயல்சூழ்ந்த படுவான்கரை. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்களின் வடிநீர் உரத்தையும் பூச்சிகொல்லியையும் ஏந்தி இதனுள் இறங்குகின்றது. கடலோடு இது கலப்பது பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலுமாக இரு வாயில்களில். மணல்திட்டு அவ்வாயிலை அடைக்கையில் வெள்ளநீர் வயலில் ஏறும். விவசாயி முகத்துவாரத்தை வெட்டும்படி கோருவான். வெட்டியதும் வாவி விரைந்து வடியும், உவர்நீர் உட்புகும். குஞ்சுமீனும் இறாலும் உப்பின் அளவை நம்பி வாழ்வன. வெட்டும் நாள் அவற்றின் வாழ்நாளையும் தீர்மானிக்கின்றது. மருதமும் நெய்தலும் மயங்குதல் என்பது இங்கே அணியன்று. இரு தொழிலாரின் நலமுரண். 2011 ஜனவரி வெள்ளம் அறுவடைக்கு நின்ற பெரும்போக நெல்லை அழித்தபோது அம்முரண் வெளிப்பட்டது. புவி வெப்பமடைய, காற்று கூடுதலான ஈரத்தைத் தாங்குகின்றது. ஒரு பருவத்தின் மழை சில நாட்களிற் கொட்டிவிடும் வாய்ப்புப் பெருகுகின்றது. உலகக் கடல்மட்டமோ 1901க்கும் 2018க்கும் இடையில் சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்துவிட்டது. வாவி மேலிருந்தும் கீழிருந்தும் நெருக்கப்படுகின்றது.

நன்னீர் மிகுமிடத்தில் ஆற்றுவாழை படர்ந்து ஒளியை மறைக்கும். அதன் மெல்லூதாப் பூவைப் பாடிய கவிஞர் யாரேனும் இருப்பின் வியப்பதற்கில்லை.

கண்டலும் தில்லையும் அடர்ந்த கரைகளே மீன்குஞ்சுக்குப் புகலிடம், பறவைக்குக் கூடு, ஊரிக்குச் சேறு. போர்க்காலத்தில் (1983–2009) பாதுகாப்பின் பெயரால் இக்காடுகள் பல இடங்களில் வெட்டப்பட்டன. அதற்கு முன்னரே வணிக இறால் வளர்ப்பு இக்கரையில் தொடங்கியிருந்தது. 2004 திசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாடெங்கும் கண்டல் நடுகை பெருகிற்று. ஆயின் 23 நடுகை இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வு, 9 இடங்களில் ஒரு கன்றேனும் பிழைக்கவில்லை எனக் காட்டியது. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில் வெற்றிகண்டது 200 முதல் 220 வரையே. நீரேற்றமும் நிலமட்டமும் அறியாது நட்டமை, நட்டபின் பேணாமை, கால்நடை மேய்ந்தமை என்பன காரணங்கள். எந்தச் சேற்றில் எது நிலைக்கும் என்பதைக் கரையோர மீனவர் அறிவர். ரெனன்ற் 1848இல் அவர்களை அழைத்துக் கேட்டார். கண்டல் நட்ட திட்டங்களுள் எத்தனை அவ்வாறு கேட்டன என்பது வினாவுக்குரியது.