அடையாளம் காட்டாத அடையாளங்கள்

இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951-52ஆம் ஆண்டுகளில் நடைபெற்றது. 1951ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, அன்று நம் மக்களில் எழுத்தறிவு பெற்றிருந்தோர் நூற்றுக்கு 18 பேரே. பெயரைப் படிக்க இயலாதவர் எவ்வாறு வாக்களிப்பார்? அதற்குக் கண்ட வழிதான் தேர்தல் சின்னம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின்மேல் அவருடைய சின்னம். நுகத்தில் பூட்டிய இரட்டைக் காளையோ, கதிர் அரிவாளோ கட்சியின் கொள்கை முழுவதையும் விளக்கிவிடவில்லை. ஆனால் ஒன்றை மற்றொன்றாக எவரும் மயங்கிக் கொள்ள முடியாது. அதுவே அவற்றின் சிறப்பு.

இன்று நம் கையிலுள்ள திறன்பேசியின் திரையும் ஏறத்தாழ ஒரு வாக்குச் சீட்டைப் போன்றதே. வரிசை வரிசையாகச் செயலிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம், அதன்கீழ் ஒரு பெயர். இவை தம் கடமையைச் செவ்வனே செய்கின்றனவா என்பதை ஆராய்வோம்.

சின்னம் என்பது தான் குறிக்கும் பொருளை ஒத்திருக்க வேண்டும் என்பது பலருடைய எண்ணம். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1981இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் என்னும் கணினியின் திரையில் காகிதம், கோப்புறை முதலிய அலுவலகப் பொருள்களின் சிறு படங்கள் இடம்பெற்றன. 1984இல் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் கணினிக்குச் சூசன் கேர் என்னும் பெண்மணி சின்னங்களை வரைந்தார். கணினியை முதன்முதலாகத் தொடுபவருக்குப் பழகிய பொருளின் உருவம் துணை செய்தது.

ஆனால் ஒற்றுமையின் பயன் அந்த முதல் அறிமுகத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பேசுவதற்கான சின்னத்தைப் பாருங்கள். அது பழைய தொலைபேசியின் வளைந்த கைப்பிடி. அந்தக் கைப்பிடியைக் கையால் தொட்டறியாத சிறுவனும் அதைத் தயங்காமல் அழுத்துகிறான். அவனுக்கு அது ஒரு பொருளின் படமன்று. கற்றுக்கொண்ட ஓர் எழுத்து. எழுத்துக்கு வேண்டிய முதற்பண்பு, பிற எழுத்துகளினின்றும் வேறுபட்டிருத்தல் அன்றோ?

இதற்கு அறிவியல் விளக்கமும் உண்டு. ஆன் டிரீஸ்மன் என்னும் உளவியலறிஞர், கேரி கெலாடு என்பவருடன் சேர்ந்து 1980இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பச்சைப் புள்ளிகளுக்கிடையே ஒரு சிவப்புப் புள்ளி இருப்பின், அது தானாகவே கண்ணில் படுகிறது. புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் நேரம் அவ்வளவாகக் கூடுவதில்லை. ஆனால் வண்ணம், வடிவம் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தேடும் பொருள் புலப்படும் என்னும் நிலையில், பொருள்கள் பெருகப் பெருகத் தேடும் நேரமும் பெருகுகிறது. கண் ஒவ்வொன்றாக நின்று பார்க்க வேண்டியுள்ளது.

இந்த உண்மையை மனத்தில் கொண்டு, கூகுள் நிறுவனம் 2020 அக்டோபரில் செய்த மாற்றத்தை நோக்குவோம். அதற்குமுன் ஜிமெயில் என்றால் சிவப்பு ஓரமிட்ட வெள்ளை அஞ்சலுறை. நாட்காட்டி என்றால் நீலம். மீட் என்றால் பச்சை. மாற்றத்தின்போது சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் ஆகிய நிறுவனத்தின் நான்கு வண்ணங்களும் இச்சின்னங்களில் பூசப்பட்டன. அஞ்சலுறையின் உடல் மறைந்து, ‘எம்’ என்னும் எழுத்து மட்டும் எஞ்சியது. முன்பே பல வண்ணம் கொண்டிருந்த டிரைவின் முக்கோணத்திலும் சிவப்பு சேர்ந்தது.

இவையனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று காட்டுவது நிறுவனத்தின் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறியது, அழகும் குறைவில்லை. ஆயினும், வண்ணம் என்னும் விரைவான வழிகாட்டியைப் பயன்படுத்துவோர் இழந்தனர். தனித்தனியே ஒரு காகிதத்தில் பார்க்கும்போது தெளிவாயிருந்த சின்னங்கள், விரல்நுனி அளவில் பக்கத்துப் பக்கத்தில் நின்றபோது ஒன்றையொன்று மறைத்தன. நாளடைவில் பழகிவிடும் என்பர். உண்மைதான், கை இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் புதிய பேசி வாங்கியவருக்கும், பார்வை மங்கிய முதியவருக்கும் அந்த நினைவு உதவாது.

பெயர்களிலும் இதே குறை காணப்படுகிறது. பணம் செலுத்தும் செயலிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: போன்பே, கூகுள் பே, அமேசான் பே, பாரத்பே. செயலைச் சொல்லும் பகுதி எல்லாவற்றிலும் ஒன்றே. கூகுளின் செயலி 2017இல் இந்தியாவில் வெளிவந்தபோது ‘தேஸ்’ என்னும் தனிப்பெயர் பெற்றிருந்தது. அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்தது. 2016 டிசம்பரில் வந்த ‘பீம்’ என்னும் பெயரில் பணத்தைப் பற்றிய வெளிப்படையான குறிப்பு இல்லை. ஆயினும் அம்பேத்கரின் பெயரை நினைவூட்டும் அச்சொல் மனத்தில் நிற்கிறது, வேறொன்றோடு குழம்புவதில்லை. பொருள் விளக்கத்தைவிடத் தனித்தன்மை பெரிது என்பதற்கு இது சான்று.

இது வெறும் அழகுப் பிரச்சினை அன்று. புகழ்பெற்ற செயலிகளின் சின்னத்தையும் பெயரையும் சற்றே மாற்றி, போலிச் செயலிகள் உலவுகின்றன. உண்மையானவையே ஒன்றுபோல் இருந்தால், நம் கண் நுட்பமாக நோக்கும் பழக்கத்தை இழக்கும். போலிக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஒரு செயலிக்கு ஒரு வடிவம், மேலோங்கிய ஒரு வண்ணம், பிறிதோடு ஒலியொவ்வாத ஒரு பெயர் என்னும் விதியை வடிவமைப்போர் மேற்கொள்ளல் வேண்டும். நிறுவனத்தின் முத்திரைக்கு ஒரு மூலை போதும்.

மாணவர்கள் இதை ஒரு சோதனையால் தாமே அறியலாம். பேசியின் அமைப்புப் பகுதியில் திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும் வசதி உண்டு. அவ்வாறு மாற்றி, செயலிகளின் இடங்களையும் மாற்றி வைத்து, வீட்டிலுள்ள பெரியவரிடம் ஐந்து செயலிகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆகும் நொடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வண்ணத்துடன் மீண்டும் செய்யுங்கள். இம்முறையும் இடங்களை மாற்ற மறவாதீர்கள். எந்தச் சின்னம் வடிவத்தால் நிற்கிறது, எது வண்ணத்தால் நிற்கிறது, எது இரண்டாலும் நிற்கவில்லை என்பது விளங்கும். தவறாகத் தொட்டவரைக் கேலி செய்யாதீர்கள். பிழை பெரும்பாலும் சின்னத்தினுடையதே.